25 பிள்ளைகள், ஒரு இரும்பு அலுமாரி: மனதில் நிற்கிற சிறுவர் புத்தகங்கள் எவை, அவற்றை எப்படி வாசிப்பது?

உப்புவெளி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். திருகோணமலையில் எங்கள் பக்கத்துச் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமை காலை 9 மணிக்கு வாசிப்பு தொடங்கப் போகிறோம். 6 முதல் 10 வயது வரை ஏறக்குறைய 25 பிள்ளைகள். ஒரு இரும்பு அலுமாரியும் ஒரு மின்விசிறியும் இருக்கின்றன, புத்தகம்தான் இல்லை. வெளிநாட்டில் இருக்கிற ஊரவர்கள் காசு தருகிறார்கள். 100 தலைப்பு வாங்கலாம் என்று கணக்கு. பரீட்சைக் கையேடும் பொது அறிவும் வேண்டாம். வளர்ந்த பிறகும் மறக்காத, நெஞ்சை இளக்குகிற கதைகள்தான் வேண்டும். பட்டியல் தாருங்கள்.

ஏட்டுச்சுவடி

100 வேண்டாம் தம்பி. 12 தலைப்பு போதும். ஒவ்வொன்றிலும் 3 பிரதி, மொத்தம் 36 புத்தகம். அதற்குமேல் மிஞ்சும் காசை அடுத்த வருடத்துக்கு வையுங்கள்.

25 பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தால் மூன்றாம் வரிசைக்குப் படம் தெரியாது. படம் தெரியாத பிள்ளை பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும். எட்டு ஒன்பது பேராக மூன்று வட்டம், வட்டத்துக்கு ஒரு பெரியவர், ஒரு பிரதி. ஒரே கதை மூன்று இடத்தில் நடக்கும். வீட்டுக்குப் போகும் வழியில் எல்லாருக்கும் பேச ஒரே கதை இருக்கும். 100 தலைப்பில் ஒவ்வொரு பிரதி வாங்கினால் இது நடக்காது.

மற்றது, திரும்ப வாசிப்பு. பிரித்தானியாவின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 3 வயதுப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள், மற்றவர்களுக்கு வேறு வேறு கதைகள். கதைக்குள் வந்த புதுச் சொற்களை இரு பகுதியினரும் கேட்ட எண்ணிக்கை ஒன்றுதான். சொற்களை நன்றாக நினைவில் வைத்திருந்தவர்கள் ஒரே கதையைக் கேட்டவர்கள். பிள்ளை “இன்னொருக்கா” என்று கேட்பது அடம் இல்லை. முதல் தடவை கதை எங்கே போகிறது என்று பார்ப்பதிலேயே கவனம் முழுக்கப் போய்விடும். முடிவு தெரிந்த பிறகுதான் சொல்லும் படமும் கண்ணில் படும்.

ஆகவே ஒரு கதைக்கு நான்கு சனிக்கிழமை. முதல் வாரம் நிறுத்தாமல், கேள்வி கேட்காமல் வாசியுங்கள். இரண்டாம் வாரம் மூன்று இடத்தில் மட்டும் நிறுத்தி, “இவர் ஏன் இப்படிப் பார்க்கிறார்?” மாதிரி படத்தைக் காட்டிக் கேளுங்கள். பிள்ளை ஒரு சொல்லில் பதில் சொன்னால் அதை ஒரு வசனமாக்கித் திருப்பிச் சொல்லி, பிள்ளையையும் சொல்ல வையுங்கள். மூன்றாம் வாரம் திரும்ப வருகிற வரியைப் பிள்ளைகளே சொல்லுவார்கள், நீங்கள் வாயை மூடினால் போதும். நான்காம் வாரம் விரும்பிய பிள்ளை வாசிக்கும். நாலு வாரமும் வேறு புதுக்கதை வேண்டாம் என்றில்லை, பக்கத்தில் ஒன்று ஓடட்டும்.

மட்டிக்களி

ஏட்டுச்சுவடி ஐயா சொன்னது சரி. ஆனா ஒரு புத்தகத்தை நாலு கிழமை 25 கை புரட்டினா அது புத்தகமா இருக்காது. அதைப்பற்றிப் பிறகு எழுதுறன். முதலில தலைப்புகளைச் சொல்லுங்கோ.

ஏட்டுச்சுவடி

முழுப் பட்டியலையும் கொட்டப் போவதில்லை. மூன்றைச் சொல்கிறேன், மற்றதை இதே அளவுகோலால் நீங்களே எடுக்கலாம்.

சிபில் வெத்தசிங்கவின் குடை திருடன் கதை. சிங்களத்தில் முதலில் வந்தது 1956. குடையே கண்டிராத ஊர்க்காரர் ஒருவர் பட்டணத்தில் குடை வாங்கி வருகிறார், அது களவு போகிறது. வாங்க வாங்கக் களவு போகிறது. கடைசியில் குடைக்குள் கடதாசித் துண்டுகளைப் போட்டு வைத்து, அவை விழுந்த வழியே போய்ப் பிடிக்கிறார். மரத்தில் அத்தனை குடையும் தொங்குகிறது. எல்லாவற்றையும் எடுத்தவர் கள்ளனுக்கென்று ஒன்றை விட்டுவிட்டு வருகிறார். கள்ளன் குரங்கு என்பது பிறகுதான் தெரியும். தண்டனை இல்லை, புத்திமதி இல்லை. அந்த ஒரு குடைதான் கதை. சிங்களப் பதிப்புக் கிடைத்தாலும் வாங்குங்கள், படமே முக்கால்வாசிக் கதையைச் சொல்லிவிடும்.

நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் சிறுவர் பாட்டுகள். ஆடிப்பிறப்புப் பாட்டை எல்லாருக்கும் தெரியும். கத்தரித் தோட்டத்து வெருளியையும் தாடி அறுந்த வேடனையும் ஒதுக்காதீர்கள். 6 வயதுக்குப் பாட்டுத்தான் முதல் புத்தகம்.

9, 10 வயதுக்கு டோட்டோ-சான். ஜப்பானில் 1981இல் வந்தது, தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடு. ரயில் பெட்டிகளை வகுப்பறையாக வைத்திருந்த, 1945 குண்டுவீச்சில் எரிந்துபோன ஒரு பள்ளிக்கூடத்தில் படித்த டோட்டோ-சான் என்ற சிறுமியின் உண்மைக் கதை. அத்தியாயங்கள் சின்னன், ஒரு அமர்வில் இரண்டு போகும். மதியச் சாப்பாட்டில் கடலிலிருந்து ஒன்று, மலையிலிருந்து ஒன்று இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்கிற இடத்தில் எங்கள் பிள்ளைகள் தங்கள் டப்பாவைத் திறந்து சூடைக் கருவாடு எதில் சேரும், வல்லாரைச் சம்பல் எதில் சேரும் என்று பிரிக்கத் தொடங்குவார்கள். தடுக்க வேண்டாம்.

சந்தேகி

நல்ல கதை வாசித்தால் பிள்ளை நல்ல பிள்ளையாகும் என்ற பேச்சு இந்த இழையிலும் வரும் என்பதால் முந்திக்கொள்கிறேன்.

2014இல் வந்த ஆய்வு: 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்குப் பொய்யைப் பற்றிய பழைய கதைகளை வாசித்துவிட்டு, அவர்கள் தாங்கள் செய்ததை ஒப்புக்கொள்கிறார்களா என்று பார்த்தார்கள். பொய் சொன்னவன் மூக்கு நீண்ட கதையும், புலி வருது கதையின் ஐரோப்பிய வடிவமும் ஒன்றும் செய்யவில்லை. உண்மை சொன்ன பையனைத் தகப்பன் மெச்சுகிற வாஷிங்டன் கதை மட்டும் வேலை செய்தது. அதே கதையின் முடிவைப் பொய்க்குத் தண்டனை என்று மாற்றியதும் அந்தப் பலனும் போய்விட்டது.

டொராண்டோ ஆய்வு இன்னொன்று, 2017. பகிர்ந்து கொடுப்பதைப் பற்றிய படக்கதை. ஒரு பதிப்பில் விலங்குகள் சட்டை போட்டு மனிதர் மாதிரி நடக்கும், மற்றதில் மனிதர்கள். 4 முதல் 6 வயதுப் பிள்ளைகள் மனிதர் கதையைக் கேட்ட பிறகுதான் ஒட்டும் படங்களைக் கூடுதலாகப் பகிர்ந்தார்கள். விலங்குக் கதை அதைச் செய்யவில்லை.

இரண்டுமே கதை முடிந்த கையோடு அளந்தவை. 20 வருடம் கழித்து என்ன நிற்கிறது என்பதற்கு இவை சாட்சி இல்லை. வீட்டில் புத்தகம் நிறைய இருந்த பிள்ளைகள் கூடுதலான வருடம் படித்தார்கள் என்று 27 நாடுகளை வைத்து 2010இல் எழுதியதும் ஒரு தொடர்பைத்தான் காட்டுகிறது. புத்தகம் வாங்குகிற வீட்டில் வேறு பலதும் இருக்கும்.

கிண்ணியாக்காரி

சந்தேகி சொன்னதை அப்படியே எடுத்தால் குரங்குக் கதையைக் குப்பையில் போட வேண்டும்! குடை திருடன் கதையில் குரங்கு குரங்காகத்தான் இருக்கிறது, சட்டை போட்ட மனிதனாக இல்லை. மன்னிக்கிறவர் மனிதர். அந்த ஆய்வின் கணக்கிலேயே இது மற்றப் பக்கம்தான் விழும்.

தண்டனைக் கதை பலன் தரவில்லை என்பது வகுப்பில் நிற்கிற எவருக்கும் புதினம் இல்லை. கெட்டுப்போவது கதை முடிந்த பிறகுதான். “இதிலிருந்து நாங்கள் கற்ற நீதி என்ன?” என்று கேட்ட நிமிடத்தில் கதை பாடமாகிவிடும். 5ஆம் ஆண்டுப் பிள்ளைக்குப் புலமைப்பரிசில் விடைத்தாள் ஞாபகம் வந்துவிடும், சரியான பதிலைத் தேடத் தொடங்கும். கதை முடிந்தால் ஒரு நிமிடம் சும்மா இருங்கள். யாராவது ஒன்று கேட்பார்கள், அங்கிருந்து போங்கள். ஒருவரும் கேட்காவிட்டால் அடுத்த வாரம் கேட்பார்கள்.

பெற்றோர் “இது பரீட்சைக்கு வருமா” என்று கேட்பார்கள். வராது என்று சொல்லிவிடுங்கள். சுற்றி வளைத்தால் மாதம் இரண்டில் செயலட்டை கேட்பார்கள்.

சந்தேகி

குரங்கு குரங்காகவே இருக்கிறது என்ற இடத்தில் பிடித்துவிட்டீர்கள் டீச்சர். ஏற்றுக்கொள்கிறேன்.

உப்புவெளி

டோட்டோ-சானில் போலியோ வந்த நண்பன் இறந்துபோகிறானே. எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் யுத்தத்திலும் 2004 கடலிலும் போனவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் பிறகு பிறந்தவர்கள்தான், ஆனாலும் படம் சுவரில் தொங்குகிறது. அந்த அத்தியாயத்தைத் தாண்டிவிடலாமா?

கிண்ணியாக்காரி

தாண்டாதீர்கள். மரமேறுகிற அத்தியாயத்தை வாசித்துவிட்டு இதை ஒளித்தால், அவனுக்கு என்ன நடந்தது என்று கேட்கிற பிள்ளைக்கு நீங்கள் பொய் சொல்ல வேண்டி வரும். டோட்டோ-சான் ஏணியை இழுத்து வந்து, அது சரிவராமல், கவட்டு ஏணியைக் கொண்டுவந்து, இருவரும் வியர்த்து வழிந்து அவனை மரத்தில் ஏற்றுகிற அந்த மத்தியானத்தால்தான் பிறகு வருகிற சாவு தாங்கக்கூடியதாகிறது. ஒன்றில்லாமல் மற்றது நிற்காது.

வாசிக்கிறவர் அதை முதல் நாள் வீட்டில் சத்தமாக ஒருதரம் வாசித்துப் பார்க்க வேண்டும். தொண்டை அடைக்கிற வரி எது என்று தெரிந்திருந்தால் அந்த இடத்தில் மெதுவாகப் போகலாம். அமர்வின் கடைசியில் வைக்காதீர்கள், நடுவில் வையுங்கள். பிறகு 15 நிமிடம் மிஞ்ச வேண்டும், அடுத்த அத்தியாயத்தையும் வாசித்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். முக்கியமாக, “உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது…?” என்று எல்லார் முன்னாலும் ஒருபோதும் கேட்கக் கூடாது. சொல்ல விரும்புகிற பிள்ளை புத்தகத்தை அலுமாரியில் வைக்கிற சாட்டில் கிட்ட வந்து சொல்லும். அதற்காக அலுமாரிப் பக்கம் ஒருவர் நிற்கட்டும். 6, 7 வயது வட்டத்துக்கு இந்தப் புத்தகமே வேண்டாம்.

பச்சை மை

புத்தகம் வாங்கக் கடையை மட்டும் நம்ப வேண்டாம். இந்தியாவின் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிறைய உண்டு. பெரும்பாலானவை கிரியேட்டிவ் காமன்ஸ் பை 4.0 உரிமத்தில் இருப்பவை. இறக்கி அச்சிடலாம், மாற்றலாம். எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயரும் உரிமமும் இருக்க வேண்டும், மாற்றினோம் என்று ஒரு வரி போட வேண்டும். நாலு நிலையாகப் பிரித்திருக்கிறார்கள். உங்கள் சின்ன வட்டத்துக்கு நிலை 2, பெரிய வட்டத்துக்கு நிலை 3.

சிக்கல் சொல்லில்தான். அங்குள்ள தமிழில் சாவி, நாற்காலி, பப்பாளி, சோப்பு. இங்குள்ள 6 வயதுக்குத் திறப்பு, கதிரை, பப்பாசி, சவுக்காரம். எல்லாவற்றையும் மாற்றத் தேவையில்லை. படம் பக்கத்திலேயே இருந்தால் விட்டுவிடுங்கள், ஒரு பொருளுக்கு இரண்டு சொல் தெரிந்தால் பிள்ளைக்கு நட்டமில்லை. கதையின் திருப்பம் ஒரு சொல்லில் தொங்கினால் மட்டும் மாற்றுங்கள். சாவி தொலைந்ததுதான் கதை என்றால் அது திறப்பாக வேண்டும். எதுகை மோனை விழுகிற வரியில் கை வைக்காதீர்கள். ஒரு சொல்லை மாற்றி ஓசை உடைந்தால் மூன்றாம் வாரம் பிள்ளைகள் சேர்ந்து சொல்ல அந்த வரி வராது.

உரிமை பற்றி ஒன்று. இலங்கைச் சட்டத்தில் (2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கம்) ஆசிரியர் இறந்து 70 வருடம். சோமசுந்தரப் புலவர் 1953இல் மறைந்தார், ஆகவே அவர் பாட்டுகளை இப்போது தாராளமாக அச்சிடலாம். பதிப்பொன்றில் வேறொருவர் வரைந்த படத்தைச் சேர்த்து எடுக்கக் கூடாது, அது வேறு உரிமை. உங்கள் பிள்ளைகளே வரையட்டும். பழைய பதிப்புகளைத் தேட ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் இருக்கிறது. மொழிபெயர்ப்புக்கும் தனி உரிமை உண்டு. குட்டி இளவரசனை எழுதியவர் 1944இல் இறந்தார் என்பதற்காகத் தமிழ்ப் பதிப்பை ஃபோட்டோகொப்பி எடுத்துவிட முடியாது.

கிண்ணியாக்காரி

சொல் விஷயத்தில் ஒரு கேள்வி. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அம்மா, அப்பா. எங்கள் பிள்ளைகளுக்கு உம்மா, வாப்பா. உங்கள் நிலையத்துக்கும் கலந்துதான் வருவார்கள்.

பச்சை மை

அச்சில் உள்ளதை அச்சில் உள்ளபடி வாசியுங்கள், பெயரோடு வருகிற பாத்திரம் அந்தப் பெயருக்குரிய வீட்டில்தான் இருக்கும். ஆனால் நீங்களே அச்சிடுகிறவற்றில் மூன்று கதையாவது உம்மா என்று தொடங்கட்டும். ஃபாத்திமாவின் உம்மா வருகிற கதையை அம்மா என்கிற பிள்ளைகளும் கேட்கட்டும். ஒரு பக்கம் மட்டும் மற்றப் பக்கத்துச் சொல்லைப் படித்துக்கொண்டிருப்பது அழகில்லை.

ஏட்டுச்சுவடி

இதற்கிடையில், வரலாற்று நாவல் என்று தமிழில் முதலில் சொல்லப்படுகிற மோகனாங்கியை 1895இல் எழுதிய சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலைக்காரர் என்று யாராவது பட்டியலில் சேர்க்க வருவார்கள். பெருமைதான். 10 வயதுக்கு ஆகாது.

மட்டிக்களி

இப்ப என்ட வேலை. தாங்களே அச்சடிக்கிற ஆக்கள் செய்யிற பிழையள் மூண்டு.

முதல் பிழை எழுத்தளவு. ஏ4க்கு வடிவமைச்ச பக்கத்தை ஏ5க்குச் சுருக்கினா எழுத்து 71 வீதமாகும். 20 புள்ளி 14 ஆயிடும். 6 வயதுக்கு 18க்குக் கீழ போகக்கூடாது. அச்சடிக்க முதல் ஒரு பக்கத்தைச் சுருக்கிப் பாருங்கோ, சுழி மூடிக் கிடந்தா ‘ண’வும் ‘ன’வும் பிரிச்சுத் தெரியாது.

இரண்டாவது தாளின்ர நார். ஏ4 தாளில நார் பெரும்பாலும் நீளவாக்கில ஓடும். அதை நடுவால மடிச்சா மடிப்பு நாரைக் குறுக்கே முறிக்கும். புத்தகம் வாயைப் பிளந்துகொண்டு நிக்கும், ஒரு மாதத்தில மடிப்பு வெடிக்கும். நார் நீளவாக்கில உள்ள ஏ3 தாள் வாங்கி, கடையிலேயே நடுவால வெட்டுவிச்சா வாற ஏ4இல நார் மடிப்போட சேர்ந்து ஓடும். சோதிக்கிறது லேசு: தாளை மடிக்காம ரெண்டு பக்கமும் வளைச்சுப் பாருங்கோ, இலகுவா வளையிற பக்கம்தான் நார்.

மூண்டாவது ஸ்டேப்ளர் கம்பி. கடற்கரை ஊரில கம்பி அடிச்ச புத்தகம் ஒரு மாரி தாண்டாது. ஐப்பசியில அடிச்சா தை மாதம் துருக்கறை நடுப்பக்கம் முழுக்க ஊறி, தாள் அந்த இடத்தில பொடியும். நூலால தையுங்கோ.

24 பக்கக் கதைக்கு ஏ4 தாள் 6, அட்டைக்கு 200 தொடக்கம் 250 கிராம் தாள் ஒண்டு. எல்லாத்தையும் சேர்த்து மடிச்சு, மடிப்பில மேல் விளிம்பில இருந்து 20, 62, 105, 148, 190 மில்லிமீற்றரில அஞ்சு துளை. பருத்தி நூல் 52 சென்ரிமீற்றர், மெழுகுதிரியில ரெண்டுதரம் இழுங்கோ. நடுத்துளையால உள்ளயிருந்து வெளிய வந்து, 62ஆல உள்ள, 20ஆல வெளிய, திரும்ப 62ஆல உள்ள. நடுவைத் தாண்டி 148ஆல வெளிய, 190ஆல உள்ள, திரும்ப 148ஆல வெளிய, நடுவால உள்ள. ரெண்டு முனையும் இப்ப நடுவில நிக்கும். நடுவைத் தாண்டிப் போற நீள நூலுக்கு இந்தப்பக்கம் ஒண்டு, அந்தப்பக்கம் ஒண்டு விட்டு அதுக்கு மேலால முடிச்சுப் போடுங்கோ. முனையை ஒண்டரைச் சென்ரிமீற்றர் விட்டு வெட்டுங்கோ.

நூலைத் தாளுக்கு நேரா மேல இழுக்காதேங்கோ, துளை கிழியும். மடிப்பு ஓடுற திசையிலதான் இழுக்கவேணும். வலை தைக்கிற தங்கூசி (நைலோன் நூல்) வீட்டில கிடக்கு எண்டு எடுக்கவும் வேண்டாம். அது தாளை அறுக்கும், முடிச்சும் வழுக்கும்.

உப்புவெளி

பசை? கோதுமை மாப் பசையில் துருசு போட்டால் பூச்சி வராது என்கிறார்களே.

மட்டிக்களி

பழைய கட்டுநர்மார் போட்டவைதான். துருசு நஞ்சு. ஆறு வயசுப்பிள்ளை விரலை நக்கித்தான் பக்கம் புரட்டும். மேல சொன்ன தையலுக்குப் பசையே தேவையில்லை. கிழிஞ்ச தாளுக்கும் செலோ டேப் ஒட்டாதேங்கோ, அது மஞ்சளாகிப் பசை கசிஞ்சு பக்கத்துத் தாளையும் பிடிக்கும். மெல்லிய டிசு தாளைக் கையால கிழிச்சு (வெட்டக்கூடாது, வெட்டின விளிம்பில திரும்ப முறியும்) வெள்ளைப் பசையில கொஞ்சம் தண்ணி விட்டு ஒட்டி, மெழுகுத்தாளுக்கு நடுவில வைச்சுப் பாரம் ஏத்துங்கோ.

ஏட்டுச்சுவடி

அலுமாரி பற்றி. இரும்பு அலுமாரியைச் சுவரில் முட்ட வைக்காதீர்கள், ஒரு சாண் விடுங்கள். கீழே மரக்கட்டை. காற்றின் ஈரப்பதம் 65 வீதம் தாண்டினால் பூஞ்சணம் தொடங்கும், இங்கே கார்த்திகை மார்கழியில் அது தினமும் தாண்டும். மின்விசிறி ஓடும் நேரத்தில் கதவுகள் திறந்திருக்கட்டும். தட்டில் புத்தகங்களை இறுக்கி அடுக்காமல் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். பூஞ்சணம் வந்ததை வெயிலில் போடாதீர்கள், அட்டை நெளியும், நிறம் போகும். நிழலில் காற்றாட விட்டு, உலர்ந்த பிறகு வெளியே வைத்து மென்தூரிகையால் தட்டுங்கள். முகக்கவசம் போடுங்கள்.

இராமபாணப் பூச்சிக்கு நப்தலீன் உருண்டை வேண்டாம். சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே ஒரு நொதியக் குறைபாடு இருக்கும், நப்தலீன் அவர்களின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். புத்தகத்தைப் பொலித்தீன் பையில் காற்றில்லாமல் கட்டி ஆழ்குளிரூட்டியில், −18 பாகையில், இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக் கூடாது. அவசரப்பட்டால் தாளெல்லாம் வியர்த்து, பூச்சி போய்ப் பூஞ்சணம் வரும்.

உப்புவெளி

எல்லாருக்கும் நன்றி. முடிவு: 12 தலைப்பு, மூன்று பிரதி. ஐந்து கடையில், ஏழு நாங்களே தைக்கிறோம், அதில் இரண்டு பாட்டுப் புத்தகம். பிரெட்றிக் கோட்டை மான்களைப் பிள்ளைகளே வரைந்து ஒரு புத்தகம் செய்யலாமா என்றும் யோசனை. தைப்பதைப் பிள்ளைகளிடமே விடலாமா?

சந்தேகி

மான் மானாகவே இருக்கட்டும்.

மட்டிக்களி

8 வயதுக்கு மேல எண்டா விடலாம். துளையை மட்டும் நீங்கள் முதல் நாளே போட்டு வையுங்கோ. அட்டையில அஞ்சு புள்ளி குறிச்சு அச்சு ஒண்டு செய்து, அதை மடிப்புக்குள்ள வைச்சுக் குத்தினா தைக்கிற 21 புத்தகத்திலயும் துளை ஒரே நேரா வரும். ஊசி கண் பெருத்த, முனை மழுங்கினதா வாங்குங்கோ, வட்டத்துக்கு மூண்டு. முடிய மூண்டையும் எண்ணி எடுத்திட்டுப் பாயைச் சுருட்டுங்கோ.